பழவேற்காட்டில் நைனா எழுதிய ‘மேற்படி’

1

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, கதவுக்குப் பின்னால் ஒரு உறை கிடந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்கான அழைப்புச் சீட்டு. இங்கே ஓட்டுப் போட யாரும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை, பட்டியலில் பேர் இருக்கிறதா என்று அலைய வேண்டியதில்லை. நகராட்சியில் குடியிருப்பைப் பதிந்த குடிமக்களுக்குச் சீட்டு வீடு தேடி வந்துவிடும். சாவடியில் வேட்டி அகலத்துக்கு ஒரு தாளைக் கொடுப்பார்கள். சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டு வந்துவிடலாம்.

ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் குளிர்கால விடுமுறையில் திருத்தணியில் இன்னொரு தேர்தல் தாளோடு பட்ட பாட்டை எழுதாமல், இதை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுப் போட மனம் வரவில்லை. இங்கே யாரிடம் சொன்னாலும் “இதில் என்ன இருக்கிறது?” என்பார்கள். அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் திருத்தணிக்காரி. நெதர்லாந்தின் வடக்கே ஸ்னேக் என்ற சின்ன ஊரில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். “ஊருக்கு யாராவது பாம்புன்னு பேரு வெப்பாங்களா?” என்று திருத்தணியில் எங்கள் தெரு மெக்கானிக் சலீம் பாய் ஒவ்வொரு முறையும் கேட்பார். எனக்குப் பால் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறார். ஒரே மகள் தாராவுக்குப் பதினாலு வயது. டச்சில் சண்டை போடுவாள், ஆங்கிலத்தில் படம் பார்ப்பாள், தமிழ் அவளுக்குப் புரியும். ‘புரியும்’ என்று நாங்கள் சொல்லும்போது எவ்வளவு பெரிய தோல்வியை எவ்வளவு சின்ன வார்த்தைக்குள் அடைக்கிறோம் என்பது பிள்ளைகளை வெளியூரில் வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

2

நைனா என்றால் அப்பா. ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். எழுபத்து நாலு வயதில் நைனா இன்னும் தினமும் காலை ஒன்பதரைக்குத் தாலுக்கா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறார். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதே, பாவம் என்று அவருக்காக உச்சுக்கொட்டுகிறவர்கள் ஒரு நாள் அந்த வரிசையைப் போய்ப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு கேள்விகள் கூடிவிட்டன, கேள்விகள் கூடக் கூட நைனாவிடம் கூட்டமும் கூடிவிட்டது.

அவரிடம் மூன்று கறார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். எழுதியதை அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போடாமல் நகரமாட்டார். பொய் எழுதமாட்டார். வருமானத்தைக் குறைத்து எழுதச் சொன்ன சொந்த மச்சானையே அனுப்பிவிட்டு, நாலு வருஷம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர். என் பள்ளிக்கூட விண்ணப்பம், இருப்பிடச் சான்று, கல்லூரி உதவித்தொகை, முதல் பாஸ்போர்ட் எல்லாமே அவர் கையெழுத்தில்தான் ஆனது.

வெளிநாட்டில் இருக்கிற இந்தியருக்கும் ஊரில் ஓட்டு உண்டு என்று ஆனதும் என் பேரைச் சேர்த்தவரும் அவர்தான். நான் ஒரு முறைகூட வந்து போட்டதில்லை. இருந்தாலும் பட்டியல் வெளியாகும் போதெல்லாம் என் பேர் இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சரிபார்ப்புக்காக “பாஸ்போர்ட் நகல் அனுப்பு” என்று கேட்டார். அனுப்பினேன்.

அனுப்பியது செல்லாத பாஸ்போர்ட். அதற்கும் இரண்டு வருஷம் முன்பே நாங்கள் மூன்று பேரும் நெதர்லாந்துக் குடிமக்கள் ஆகிவிட்டோம். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கொடுப்பதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த நகலைத்தான் அவருக்கு அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் அந்த ரகம்.

இந்த முறை நானும் தாராவும் மட்டும் புதன்கிழமை போய் இறங்கினோம். காப்பி குடித்து முடிப்பதற்குள் நைனா வாக்காளர் பட்டியல் சரிபார்ப்புக்கான ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். அதில் என் பேர் அச்சாகியிருந்தது, கீழே நான் இந்தியக் குடிமகள் என்று உறுதிமொழி. அதற்கும் கீழே, தவறான தகவல் தருவது தண்டனைக்குரியது என்று ஒரு வரி.

“திங்கக்கெழம கடசி நாளு. நீயே நேர்ல வந்துட்ட, நல்லதாப் போச்சி. ஜெராக்ஸ் ஒண்ணு வெச்சி, ஒரு கையெழுத்து போட்டுட்டியானா முடிஞ்சிது,” என்றார்.

“போட்டுடலாம் நைனா,” என்றேன்.

திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், வாழ்நாள் முழுக்கப் பொய் எழுதாத மனிதர் என் பேரில் இன்னொரு பொய்யைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

3

ஏன் மாறினோம் என்று கேட்பீர்கள். பெரிய காரணம் எதுவும் இல்லை. தாராவின் வகுப்பு லண்டனுக்கு மூன்று நாள் சுற்றுலா போனது. விசா தேவைப்பட்ட ஒரே பிள்ளை அவள்தான், அது நேரத்துக்குக் கிடைக்கவில்லை. மற்ற பிள்ளைகள் திரும்பி வருகிற வரைக்கும் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, “நான் இங்கேதானே பிறந்தேன், அப்புறம் நான் எந்த ஊர்?” என்று டச்சில் கேட்டாள். என் கணவர் அடுத்த வாரமே விண்ணப்பப் படிவத்தோடு வந்துவிட்டார்.

அதற்கு முன்பே மொழித் தேர்வும் நாட்டு வழக்கத் தேர்வும் எழுதியிருந்தோம். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால் என்ன தருவார்கள் என்று அதில் ஒரு கேள்வி. ரஸ்க்கின் மேல் சோம்பு மிட்டாய் தூவித் தருவார்கள், அந்த மிட்டாயின் பேர் சுண்டெலிகள். நான் சரியாக எழுதினேன். பிறகு நகர மண்டபத்தில் ஒரு நாள் கையை உயர்த்தி உறுதி சொன்னோம். கைதட்டினார்கள், காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார்கள். கேக் நன்றாகவே இருந்தது. அதைத் தின்றுகொண்டே, நைனாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நாலு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

இப்போது இந்தியாவுக்கு வந்துபோக ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். விசா வேண்டாம், ஓட்டு இல்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பதற்கு அரசாங்கமே அச்சடித்துக் கொடுக்கிற அத்தாட்சி அது.

இந்த இடத்தில் மொழி செய்த ஒரு வம்பையும் சொல்லிவிட வேண்டும். டச்சுப் பிள்ளைகள் அம்மாவை ‘மாமா’ என்று கூப்பிடுவார்கள். தாரா மூன்று வயதில் பாலர் பள்ளியிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது வீடியோவில் நைனாவிடம், “தாத்தா, மாமா அழுவுது” என்றாள். நைனா போனை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடியிருக்கிறார். அங்கே என் தம்பி, அதாவது தாராவின் நிஜமான மாமா, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி உட்கார வைத்து, “இன்னாடா ஆச்சி உனுக்கு? ஏன்டா அழுத?” என்று உலுக்கியிருக்கிறார். எத்தனையோ முறை திருத்தியும் தாராவின் வாயிலிருந்து அந்த மாமா போகவில்லை. பிறகு நானும் விட்டுவிட்டேன்.

4

பழவேற்காட்டுக்குப் போக வேண்டும் என்றது தாராதான். அந்தக் காலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த அந்த ஊரைப் பற்றி வரலாற்று வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். “உங்க ஊர்கிட்ட எங்க ஊர் ஆளுங்க கல்லறை இருக்கு,” என்றாள். உங்க, எங்க என்று அவள் பிரித்துச் சொன்னதை நைனா கவனிக்கவில்லை. “பேத்தி ஆசப்படறா. ஞாயித்துக்கெழம போவலாம், நானும் வரேன்,” என்றார். வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நாழிகை கிடைப்பதில்லை. அங்கே தண்ணீர்க் கரையில் எங்காவது உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டேன்.

சலீம் பாய் தன் காரை எடுத்து வந்தார். திருவள்ளூர் தாண்டிப் பொன்னேரி வழியாகப் போகும்போதே காற்றில் உப்பு தெரிந்தது. கடைசிக் கொஞ்ச தூரத்துக்குச் சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர். அதற்கு நடுவே சேறு, வேலிகாத்தான் புதர், மறுபடியும் தண்ணீர். எங்கள் ஸ்னேக்கும் இப்படித்தான், எங்கே பார்த்தாலும் ஏரி, தட்டையான பூமி. காருக்குள் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த தாரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினாலு வருஷத்தில் தமிழ்நாட்டில் ஒரு இடத்தைப் பார்த்து அவள், “இது நம்ம ஊர் மாதிரி” என்றது இதுதான் முதல் முறை.

ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து, வலை எதுவும் இல்லாமல் கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பூநாரைகள் வெகு தூரத்தில் இருந்தன. முதலில் உப்புப் படிந்த திட்டு என்றுதான் நினைத்தேன். ஒரு படகு அந்தப் பக்கம் திரும்பியதும் திட்டு முழுக்க எழுந்தது. இறக்கைக்கு அடியில் அப்படி ஒரு சிவப்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவை ஒரு வட்டம் அடித்து, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் இறங்கின.

“எங்கேர்ந்து வருதுங்க இதெல்லாம்?” என்று நைனா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரைக் கேட்டார்.

“எங்கேர்ந்தோ வரும் பெரியவரே. தண்ணி வத்துனா போயிடும். சிலது போவாம இங்கியே நின்னுடும்.”

இப்போது சொல்லிவிடலாம் என்று நைனாவின் பக்கம் நகர்ந்தேன். அந்த நேரம் பார்த்து சலீம் பாய் வந்து, “சாப்பாட்டு கடையில சொல்லிட்டேன், மடவ மீனு பொரிக்கறாங்க. அதுக்கு முன்னாடி பாப்பா கக்கூஸ் கீக்கூஸ் போவணும்னா சொல்லு, கடைக்குப் பின்னாடி சுத்தமா கீது,” என்றார்.

தாரா சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விஷயம் என்னவென்றால் கக்கூஸ் டச்சு வார்த்தை. ‘கக்’ என்றால் மலம், ‘ஹூயிஸ்’ என்றால் வீடு. அவள் வகுப்பில் பையன்கள் சொன்னால் ஆசிரியர் வெளியே அனுப்பிவிடுவாராம். பதினெட்டு வருஷம் அந்த மொழியில் குப்பை கொட்டியும் எனக்கு உறைக்கவில்லை. அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

நைனாவுக்கு இது பெரிய செய்தி. “நெசமாவா? ஜனங்க கக்கூஸ் கட்டித் தரணும்னு சொல்லுவாங்க, நானு அது கொச்சன்னு கழிவறைன்னு மாத்தி எழுதுவேன். நாப்பத்தஞ்சி வருசமா எழுதறேன். அது உங்க பாசையா?” என்றார் பேத்தியிடம்.

“ஆங்,” என்றாள் தாரா, அச்சு அசலாக நைனாவைப் போலவே. சலீம் பாய் ‘இனிமே நானும் டச்சு பேசுவேன்’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மீன் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அதே பேச்சு. அவ்வளவு சந்தோஷமாக இருந்த மேசையில் போய் நான் எப்படி வாயைத் திறப்பேன்? கோழை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

5

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். காவல்காரர் பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது, இது மட்டும் நன்றாக இருக்கிறது. தரையோடு தரையாகப் பெரிய பெரிய கருங்கல் பலகைகள், அதில் ஆழமாக வெட்டிய எழுத்துகள்.

தாரா ஒரு கல்லின் பக்கத்தில் மண்டியிட்டு விரலால் எழுத்தைத் தடவிப் படித்தாள். ஊருக்கு வந்தால் பஸ்ஸில் பலகை படிக்கத் தெரியாமல், கடையில் கேட்கத் தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பெண். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றோம்.

“இங்க... படுத்துகினு கீது,” என்றாள்.

சலீம் பாய் சிரிப்பை அடக்க இருமினார். ‘இங்கே துயில்கிறார்’ என்பதற்கு அவளிடம் இருந்த தமிழ் அதுதான். அதுவும் தாத்தாவிடமிருந்து நாலு நாளில் எடுத்தது.

“ஸ்பெல்லிங் தப்பு,” என்றும் சொன்னாள்.

“அந்தக் காலத்து எழுத்தா இருக்கும். கல்லுல வெட்றவன் தப்பா வெட்ட மாட்டான்,” என்று நைனா கல் வெட்டியவருக்காகப் பரிந்து பேசினார். “வயசு எத்தினி போட்டுகீது?”

“முப்பத்தி ஒண்ணு. வியாபாரி. பக்கத்துல சின்னது, அது பேபி. அவர் பேபி.”

நைனா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சின்னக் கல்லின் பக்கத்தில் நின்றார். “பொழைக்க வந்தவங்கதானே. நாலு காசு சேத்துகினு ஊருக்குத் திரும்பிடணும்னுதான் வந்திருப்பாங்க,” என்றார். யாரிடமும் சொல்வதுபோல் இல்லை. “நைனா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தேன்.

“பெரியவரே, போறதுக்கு முன்னாடி நோட்டுல எழுதிட்டுப் போங்க,” என்று காவல்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

நோட்டு என்றால் நைனாவுக்கு வேறு எதுவும் காதில் விழாது. போய்ப் பேனாவை வாங்கிக்கொண்டார். பேர், ஊர், நாடு என்று மூன்று பத்தி. வந்தவர்கள் பாதிப் பேர் நாட்டைக் காலியாக விட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நைனா உச்சுக்கொட்டிவிட்டு எங்கள் நாலு பேரையும் வரிசையாக எழுதினார். முதலில் அவர், பிறகு சலீம் பாய், நான், தாரா. நாடு என்ற இடத்தில் தன் பேருக்கு நேராக ‘இந்தியா’ என்று எழுதி, கீழே ‘மேற்படி’, ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று மூன்று முறை எழுதினார். மனு எழுதுகிறவர்களின் சுருக்கு வழி அது.

தாராவுக்கு அந்த வார்த்தை தெரியாது. “அது என்ன?” என்றாள்.

“மேல இன்னா எழுதியிருக்குதோ அதேதான் கீழயும்னு அர்த்தம். எல்லாம் இந்தியா.”

“தாத்தா, தப்பு. நான் இந்தியா இல்ல. நெதர்லாந்து.”

நைனா சிரித்தார். “ஆங், நீ அங்க பொறந்தவ. அது சரிதான்.” கடைசி மேற்படியை ஒரு கோடு போட்டு அடித்து, நெதர்லாந்து என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

“மாமாவும்,” என்றாள் தாரா.

“மாமாவா? எம் புள்ளயா? அவன் திருத்தணி தாண்டி அரக்கோணம் போவவே அலுத்துக்குவான்,” என்று நைனா இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும், பிள்ளைப் பேச்சு என்று நோட்டை மூடியிருப்பார். தாரா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளிடம் இதை மறைக்கச் சொல்ல வெட்கப்பட்டு நான் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துகிறாள், அவ்வளவுதான்.

“தம்பிய இல்ல நைனா. என்னத்தான் சொல்றா,” என்றேன்.

நைனாவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு நோட்டைக் குனிந்து பார்த்தார். என் பேருக்கு நேராக இருந்த மேற்படியை அடித்தார்.

“நெ-வா, நே-வா?” என்று என்னைக் கேட்டார். இப்போதுதான் தாராவுக்கு எழுதியிருந்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை.

“நெ,” என்றேன்.

எழுதினார். சுருக்கொப்பம் போட்டார். காவல்காரரிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார். சலீம் பாய் மரத்தில் ஏதோ குருவி இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

6

திரும்பும்போது பொன்னேரியில் சலீம் பாய் பாட்டுப் போட்டார், பாதியில் அவரே நிறுத்தினார். தாரா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருவள்ளூர் தாண்டியதும் முன் சீட்டிலிருந்து நைனா திரும்பாமலேயே கேட்டார்.

“எப்போ?”

“நாலு வருஷம் ஆவுது நைனா.”

“நாலு வருசம்.” மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழிப்பது தெரிந்தது. “அப்பால நீ ஜெராக்ஸ் அனுப்புனியே?”

“அது பழசு. செல்லாது.”

“அத வெச்சி நானு கையெழுத்து போட்டுக் குடுத்தேன்.”

“தெரியும் நைனா.”

“தெரிஞ்சிதான் அனுப்பினியா?”

சலீம் பாய் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார். நான் லண்டன் சுற்றுலாவைச் சொன்னேன், கணவரின் வேலையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வக்கீல் பேச்சாகக் கேட்டது. கடைசியில், “உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லல” என்றேன்.

“நாடு மாறுனதுக்கு இன்னாம்மா. பொழப்பு அங்க, புள்ள அங்க. ஒரு போன் போட்டு கேட்டிருந்தா, அந்த ஃபாரத்தயும் நானே எழுதிக் குடுத்திருப்பேனே,” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

7

திங்கட்கிழமை காலையில் நான் எழுந்தபோது அவர் ஆபீசுக்குப் போய்விட்டிருந்தார். என் பேர் அச்சான தாள் கூடத்து மேசையில் இருந்தது. அதன் மேல் ஒரு புதுப் படிவம், எதுவும் எழுதாமல். பட்டியலிலிருந்து பேர் நீக்குவதற்கானது. பக்கத்தில் குறிப்பு எதுவும் வைக்கவில்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்கு நடந்தேன். நைனாவின் மேசைக்கு முன்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். நான் நாலாவதாக நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். முன்னால் வா என்று கூப்பிடவில்லை. ஒரு பட்டா மாறுதல், ஒரு விதவை உதவித்தொகை, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தவரின் மின் இணைப்பு. என் முறை வந்தது.

“வாங்க, ஒக்காருங்க,” என்றார்.

வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. முன்பின் தெரியாத ஆட்களிடம் அவர் பேசுகிற குரல் அது. பிறந்ததிலிருந்து நைனா என்னை ‘நீ’ என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் அவரை அப்படித்தான். முக்காலியில் உட்கார்ந்தேன்.

“பேரு சொல்லுங்க.”

சொன்னேன். எழுதினார்.

“வெலாசம் சொல்லுங்க.”

நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண்ணை, காலையில் அந்த வீட்டிலிருந்தே கிளம்பி வந்தவரிடம் சொன்னேன். அதையும் எழுதினார். நீக்குவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். இறந்தவர், இடம் மாறியவர் என்று வரிசையாகப் போய், “இந்தியக் குடிமகன் அல்லாதவர். இதானேங்க?” என்றார்.

“ஆங்,” என்றேன். டிக் அடித்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த வாக்காளர் அட்டை என்பதால் உறவினர் பேர் என்ற இடத்தில் தகப்பன் பேர் வேண்டும். பேனா அங்கே வந்து நின்றது.

“அப்பா பேரு?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் தாளைவிட்டு நிமிரவில்லை. எத்தனையோ கவுன்ட்டர்களில் எத்தனையோ நாட்டுக்காரர்களிடம் எழுத்தெழுத்தாகச் சொன்ன பேர். அவர் முகத்துக்கு நேரே அதை நான் சொன்னதே இல்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்கிற வழக்கம் கிடையாது.

“முனிரத்தினம்,” என்றேன். குரல் உடைந்துவிட்டது. பின்னால் புதிதாக வந்து நின்ற ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

நைனா எழுதினார். மற்றதையெல்லாம் எழுதியதைவிட மெதுவாக எழுதியதுபோல் இருந்தது. பிறகு தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றதால் எனக்கு அந்த இடம் சரியாகத் தெரியவில்லை. எப்படியாவது முடித்துக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும் என்று பேனாவை எடுத்து வைத்தேன்.

அவர் தாளைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“படிக்காம கையெழுத்து போடுவியா? எத்தினி தடவ சொல்லிகீறேன் உனுக்கு? கண்ணத் தொடச்சிகினு ஒழுங்கா படி. நானு இங்கதான் கீறேன், எங்கயும் போயிட மாட்டேன்,” என்றார்.

முதல் வரியிலிருந்து படித்தேன்.